முன்னிலைப் பெயரும் மௌனமும்: நடிகை ரேவதி இயக்குநரானமை குறித்து ஒரு மொழியியல் நோக்கு

1. முன்னுரை

நடிகை பிறர் எழுதிய வாக்கியத்தைப் பேசுகிறார். இயக்குநர் பிறர் பேச வேண்டிய வாக்கியத்தைத் தீர்மானிக்கிறார். ஒருவரே முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு வரும்பொழுது எம்மொழியைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது திரைப்பட வரலாற்று ஆசிரியர்க்கு ஒரு சிறு செய்தியாகத் தோன்றலாம். மொழியியலார்க்கோ அது ஒரு முதன்மையான வினாவாகும்.

பாரதிராஜாவின் 'மண்வாசனை' (1983) வாயிலாகத் தமது பதினேழாம் வயதில் தமிழ்த் திரைக்கு வந்த ரேவதி, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் இயக்குநரானார். அவர் முதன்முதல் இயக்கிய 'மித்ர், மை ஃபிரெண்ட்' (2002) சிதம்பரத்திலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்ப்பெண்ணின் கதை. ஆயின் அப்படம் ஆங்கிலத்தில் அமைந்தது. அடுத்து வந்த 'ஃபிர் மிலேங்கே' (2004), 'சலாம் வெங்கி' (2022) ஆகிய இரண்டும் இந்திப் படங்கள். 'கேரளா கஃபே' (2009) என்னும் தொகுப்புப் படத்தில் அவர் ஆக்கிய 'மகள்' மலையாளத்தது. தமிழில் நெடிய அளவில் அவர் இயக்கிய படைப்பு, 2025-இல் இணையவழி வெளிவந்த 'குட் வைஃப்' என்னும் தொடராகும்.

ரேவதி கொச்சியில் பிறந்தவர், மலையாளக் குடும்பத்தினர். எனவே தாய்மொழிப் பற்று என்னும் அளவுகோலை இவண் எடுத்துக்கொள்வது பொருந்தாது. அவ்வாறு எடுத்துக்கொள்வது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. தமிழ்க் கதைமாந்தர் ஒருத்தியின் இல்வாழ்வைச் சொல்ல ஆங்கிலத்தைத் தேர்ந்ததனால் அப்படம் பெற்றது யாது, இழந்தது யாது என்பதை, முன்னிலைப் பெயர் என்னும் ஒரு சிறு இலக்கணக் கூற்றைக் கொண்டு ஆராய்வதே நோக்கம்.

2. முன்னோடிகள்

நடிகையர் இயக்குநராதல் தமிழ்த் திரைக்குப் புதியதன்று. 1931-இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்'-இன் கதைத்தலைவி டி.பி. ராஜலட்சுமி, 1936-இல் 'மிஸ் கமலா'வை இயக்கினார். அது அவர் எழுதிய புதினத்தின் திரைவடிவம். 'காளிதாஸ்' படத்தில் தலைவி தமிழிலும் தலைவன் தெலுங்கிலும் பேசினர் என்பது யாவரும் அறிந்த செய்தி. தம்மொடு உரையாடுபவர் வேறொரு மொழியில் விடை கூறும் படத்தில் நடித்தவர், ஐந்தாண்டுகளுக்குள் தம் கதையைத் தாமே எழுதி இயக்க முன்வந்தார் என்பது நோக்கத்தக்கது.

பி. பானுமதி 1953-இல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மும்மொழிகளிலும் இயக்கினார். சாவித்திரி 1968-இல் தெலுங்கில் 'சின்னாரி பாபலு'வையும், 1969-இல் தமிழில் 'குழந்தை உள்ளம்', 1971-இல் 'பிராப்தம்' ஆகியவற்றையும் இயக்கினார். 'சின்னாரி பாபலு'வின் ஆக்கக் குழுவினருள் பெரும்பாலோர் பெண்களாவர். சுஹாசினி 1995-இல் 'இந்திரா'வைத் தமிழில் இயக்கினார்.

இவ்வரிசையில் இரு கூறுகள் தெளிவாகப் புலப்படுகின்றன. முதலாவது, தென்னிந்தியத் திரையில் நடிகைக்கு மொழி எல்லை என்றும் இறுக்கமாக இருந்ததில்லை. இரண்டாவது, எனினும் இவர்கள் யாவரும் இயக்குநர் என்னும் நிலையில் தமிழுக்குள் ஒருமுறையேனும் தொடக்கத்திலேயே வந்துள்ளனர். ரேவதியின் தொழில்வாழ்க்கை முதற்கூற்றில் இவர்களோடு ஒக்கிறது. இரண்டாம் கூற்றில் வேறுபடுகிறது. அவ்வேறுபாடே இவ்வாய்வுக்கு அடிப்படை.

3. நடிகை நிலையில் ரேவதி

ரேவதி ஏற்ற பாத்திரங்களை ஒருசேர நோக்கினால், மணவாழ்வில் தன் சொல்லை நிலைநாட்ட முயலும் பெண் அவற்றுள் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். 'புதுமைப் பெண்' (1984), 'மௌன ராகம்' (1986), 'மறுபடியும்' (1993) ஆகிய மூன்றும் இதற்குச் சான்றாவன. 'மறுபடியும்' பாலுமகேந்திரா இயக்கியது. 'அர்த்' என்னும் இந்திப் படத்தின் தமிழாக்கம். அதில் ரேவதி ஏற்ற துளசி, தன்னை விட்டு விலகிச் சென்று பின்னர்த் திரும்பிவரும் கணவனை ஏற்க மறுக்கிறாள். 'தேவர் மகன்' (1992) படத்தின் பஞ்சவர்ணம் இதற்கு மாறாகக் குறைவாகப் பேசும் சிற்றூர்ப் பெண். அப்பாத்திரத்திற்காக ரேவதி சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார்.

பாரதிராஜா, கே. பாலசந்தர், மணிரத்னம், பாலுமகேந்திரா, பரதன் எனத் தமிழில் அவருக்கு நன்கு அமைந்த பாத்திரங்களை வடித்தவர்கள் ஆடவரே. அவர்கள் எழுதிய பெண்களுக்குத் துணிவு இருந்தது, சொல்வன்மையும் இருந்தது. ஆயினும் அப்பெண்கள் யாரை எவ்வாறு விளிக்க வேண்டும் என்பதைக் குடும்ப மரபே வகுத்திருந்தது. இதனை விளக்க 'மௌன ராகம்' ஒன்றே போதுமானது.

தில்லியில் வாழும் தமிழர்க்கு அப்படம் தனிப்பட்ட முறையில் நெருக்கமானது. விருப்பமின்றி மணம் முடிக்கப்பெற்ற திவ்யா, கணவன் சந்திரகுமாருடன் தலைநகருக்கு வருகிறாள். வெளியே இந்தி, அவளுக்கு அது அயன்மொழி. வீட்டினுள் தமிழ் பேச இருவர் மட்டுமே உளர். அவ்விருவரும் ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசுவதில்லை. புலம்பெயர்ந்த குடும்பத்தில் தாய்மொழி முழுவதும் இருவரிடையே சுருங்கிவிடும்பொழுது, அவ்விருவரின் பிணக்கு அம்மொழியையே ஊமையாக்கிவிடும் என்பதை அப்படம் நுட்பமாகக் காட்டுகிறது. திவ்யா மணவிலக்குக் கேட்கிறாள். ஓராண்டு காத்திருக்கச் சட்டம் பணிக்கிறது.

இங்கு முன்னிலைப் பெயரைக் கவனித்தல் வேண்டும். மணவிலக்குக் கேட்கும் பொழுதும், கணவனின் தொடுதலை வெறுத்துரைக்கும் பொழுதும், திவ்யா அவனை 'நீங்கள்' என்னும் வழக்கினாலேயே விளிக்கிறாள். அவனோ அவளை 'நீ' என்கிறான். பிணக்கின் உச்சத்திலும் இவ்விலக்கணம் அசைவதில்லை, இணக்கத்திலும் மாறுவதில்லை. அதே படத்தில் மனோகர், திவ்யாவின் தந்தையை 'மிஸ்டர் சந்திரமௌலி' என்று விளிக்கும் காட்சி இன்றளவும் நினைவுகூரப்படுகிறது. மூத்தோர் பெயரைச் சொல்லி விளித்தல் என்னும் மரபுமீறலை ஓர் ஆங்கில அடைமொழி நகைச்சுவையாக மாற்றிவிடுகிறது. அம்மீறல் ஆடவனுக்கே இயன்றது. அதற்கும் ஆங்கிலச் சொல் ஒன்றின் துணை தேவைப்பட்டது. ஆங்கிலம் தமிழ் உறவு வரிசையைத் தளர்த்தும் கருவியாகப் பயன்படுவதற்கு இஃது ஒரு சிறந்த எடுத்துக்காட்டு.

4. 'மித்ர், மை ஃபிரெண்ட்': கதையும் ஆக்கமும்

ஷோபனா ஏற்ற லட்சுமி, சிதம்பரத்துப் பெண். அமெரிக்காவில் பணிபுரியும் பிருத்வியை மணந்து கலிபோர்னியா செல்கிறாள். பதினேழு ஆண்டுகள் கழிகின்றன. மகள் அமெரிக்கச் சூழலில் வளர்ந்து தாயின் கண்காணிப்பை வெறுக்கிறாள். கணவன் பணியில் ஆழ்ந்துவிடுகிறான். தனித்துவிடப்பட்ட லட்சுமி, இணைய அரட்டை அறை ஒன்றில் 'மித்ர்' என்னும் பெயருடைய முகமறியாத நண்பரோடு எழுதத் தொடங்குகிறாள். அவ்வெழுத்து அவளுக்குத் தன்னை மீட்டுத் தருகிறது. அந்நண்பர் தன் கணவனே என்பது இறுதியில் தெரியவருகிறது.

இப்படத்தின் ஆக்கக் குழுவினர் பெண்கள். எழுத்தில் வி. பிரியாவும் சுதா கொங்கராவும் பங்குகொண்டனர். ஒளிப்பதிவு ஃபௌசியா ஃபாத்திமா, படத்தொகுப்பு பீனா பால், இசை பவதாரிணி. 2001-ஆம் ஆண்டுக்கான 49-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த ஆங்கிலப் படம், சிறந்த நடிகை, சிறந்த படத்தொகுப்பு ஆகிய விருதுகள் இப்படத்திற்குக் கிடைத்தன. பின்னர் பிரியா 'கண்ட நாள் முதல்' (2005) படத்தையும், சுதா கொங்கரா 'இறுதிச்சுற்று' (2016), 'சூரரைப் போற்று' (2020) ஆகியவற்றையும் தமிழில் இயக்கினர். ஆகவே இந்த ஆங்கிலப் படம் பிற்காலத் தமிழ்ப் படங்களுக்கு ஒரு பயிற்சிக் களமாகவும் இருந்தது எனலாம். தமிழில் படம் எடுக்காமையால் ரேவதி தமிழ்த் திரைக்கு ஒன்றும் தரவில்லை என்று கூறுவார் உளராயின், அவர்கள் இதனைக் கருத்திற்கொள்ளுதல் தகும்.

கதையமைப்பில் 'மௌன ராக'த்தின் சாயல் வெளிப்படை. இரண்டிலும் தமிழ்ப்பெண் ஒருத்தி மணத்தினால் தொலைவிடத்திற்குப் பெயர்கிறாள். அயன்மொழிச் சூழலில் வீட்டினுள் மௌனம் நிலவுகிறது. இறுதியில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கண்டுகொள்கின்றனர். லட்சுமியின் மகளுக்குத் திவ்யா என்று பெயர். இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் முன்னைய படத்தில் திவ்யாவாக நடித்தவர் பின்னைய படத்தின் இயக்குநர் என்பதை அறிந்தவர்கள் இப்பெயரை எளிதில் கடந்து செல்ல இயலாது.

வேறுபாடு யாதெனில், 'மௌன ராக'த்தில் மௌனத்தை உடைப்பவை நிகழ்ச்சிகள்: தொழிற்சாலைப் பூசல், கணவன் தாக்கப்படுதல், மனைவி பணிவிடை செய்தல். 'மித்ர்' படத்தில் மௌனத்தை உடைப்பது மொழியே. பேச முடியாத இருவர் எழுத்தினால் பேசுகின்றனர். எனவே எம்மொழியில் எழுதினர் என்பது அப்படத்தின் கருவைத் தொடும் வினாவாகிறது.

5. மூன்று மொழிகளின் முன்னிலை

முன்னிலைப் பெயர்களின் சமூகப் பயன்பாட்டை ரோஜர் பிரௌன், ஆல்பர்ட் கில்மன் ஆகியோர் 1960-இல் வெளியிட்ட கட்டுரையில் அதிகாரம், ஒருமைப்பாடு என்னும் இரு கோட்பாடுகளால் விளக்கினர். அதிகார உறவில் ஒருவர் 'நீங்கள்' என, மற்றவர் 'நீ' என்பார், வழக்கு ஒருதலையானது. ஒருமைப்பாட்டில் இருவரும் ஒரே வடிவத்தை ஆள்வர். அந்நியராயின் இருவரும் 'நீங்கள்', நெருங்கியோராயின் இருவரும் 'நீ'. ஐரோப்பிய மொழிகளை வைத்து வகுக்கப்பட்ட இவ்விளக்கம் தமிழ்க் குடும்ப வழக்குக்கும் பெரிதும் பொருந்துகிறது.

தமிழில் ஒருவரைப் பன்மையால் சுட்டுதல் பழமையானது. இதனை உயர்த்திச் சொல்லும் உலகவழக்கு என்றும், இலக்கண நெறியன்று என்றும் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் பிரித்துரைத்தார். வழக்கு என்று அவர் ஒதுக்கிய கூறு, இன்று வினைமுற்று விகுதி வரை ஊடுருவி இலக்கணமாகவே நிலைபெற்றுவிட்டது. 'வந்தாய்', 'வந்தீர்கள்' என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேராமல் தமிழில் முன்னிலை வாக்கியம் ஒன்றனை இறந்தகாலத்தில் முடித்தல் அரிது. பேச்சு வழக்கில் 'ங்க' என்னும் ஒட்டு பெயர், வினை, வினாச்சொல் அனைத்தோடும் சேர்ந்து கேட்போரின் நிலையைக் குறிக்கிறது. கணவன் பெயரைச் சொல்லலாகாது என்னும் மரபில் வளர்ந்த மனைவியர் 'என்னங்க', 'ஏங்க' என்று விளிப்பதில், பெயரின் இடத்தை அம்மரியாதை ஒட்டே நிரப்பி நிற்கிறது.

முகமறியாத இருவரின் எழுத்துரையாடலை இனி மூன்று மொழிகளிலும் அமைத்துப் பார்க்கலாம்.

முதலில் இந்தி. அம்மொழியில் தன்மை வினையே பால் காட்டும். 'நினைக்கிறேன்' என்பதை ஆடவர் 'சோச்தா ஹூ(ன்)' எனவும், பெண்டிர் 'சோச்தீ ஹூ(ன்)' எனவும் கூறுவர். எதிர்காலத்திலும் இவ்வேறுபாடு உண்டு. 'நே' உருபு ஏற்கும் இறந்தகாலத் தொடர்களில் மட்டும் எழுவாயின் பால் வினையில் தோன்றாது. ஆகவே நெடிய உரையாடல் ஒன்றில் எழுதுபவர் தம் பாலை மறைக்க முயன்றால் வாக்கியங்கள் செயற்கையாகிவிடும். தில்லியில் இந்தி பேசும் மாணவர்க்குத் தமிழ் கற்பிக்குங்கால், 'நான் வந்தேன்' என்பதை ஆடவரும் பெண்டிரும் ஒன்றுபோலவே சொல்வர் என்பதை அவர்கள் முதலில் நம்பத் தயங்குவதை ஒவ்வோராண்டும் காண்கிறேன். இதனோடு 'தூ', 'தும்', 'ஆப்' என்னும் மூவகை முன்னிலையும் இந்தியில் தேர்வுக்குரியன.

அடுத்து ஆங்கிலம். தன்மையிலும் முன்னிலையிலும் பால் வேறுபாடு இல்லை; முன்னிலையில் மரியாதை வேறுபாடும் இல்லை. 'தௌ' என்னும் ஒருமை வழக்கிறந்து, முன்பு பன்மைக்கும் மதிப்புக்கும் உரியதாயிருந்த 'யூ' ஒன்றே எஞ்சியது. ஆதலின் முகமறியாதவர் இருவர் எழுதிக்கொள்ள ஆங்கிலமே மிக எளிய கருவி. எழுதுபவர் யார், எழுதப்படுபவரை எங்கே நிறுத்துகிறார் என்னும் இரண்டையும் அது மறைத்துவிடுகிறது.

இறுதியாகத் தமிழ். தன்மையிலும் முன்னிலையிலும் பால் காட்டாமையால் தமிழ் இந்தியிலிருந்து வேறுபட்டு ஆங்கிலத்தோடு ஒக்கிறது. மரியாதை காட்டுவதால் ஆங்கிலத்திலிருந்து வேறுபட்டு இந்தியோடு ஒக்கிறது. அதாவது, தமிழ் அரட்டை அறையில் நண்பர் தாம் யார் என்பதை மறைக்கலாம். எதிரே இருப்பவரை எவ்வாறு மதிக்கிறார் என்பதை மறைக்க இயலாது.

'மித்ர்' என்னும் பெயரும் இவ்வகையில் கருதற்குரியது. வடமொழிச் சொல்லின் ஈற்று உயிர் கெட்ட இந்தி வடிவம் அது. தமிழில் அச்சொல் 'மித்திரன்' என்றே பெரிதும் வழங்கும். ஆண்பால் விகுதி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். விகுதியற்ற வெற்றுச் சொல்லைத் தேர்ந்தமையால் அப்பெயருக்குத் தமிழ்ச் செவியில் பால் தெளிவாகப் புலப்படுவதில்லை.

6. ஆங்கிலத்தின் பேறும் இழப்பும்

மேற்கண்ட ஒப்பீட்டினால், ஆங்கிலத்தைத் தேர்ந்ததற்கு வணிகக் காரணமேயன்றி மொழிக் காரணமும் காட்ட இயலும் என்பது பெறப்படும். 2001-ஐ ஒட்டிய காலத்தில் அரட்டை அறைகளில் தமிழ் எழுத்துப் பரவலாகவில்லை. அமெரிக்கத் தமிழர் ஆங்கிலத்திலோ, ரோமன் எழுத்தில் தமிழிலோ எழுதினர். ஆதலின் லட்சுமி ஆங்கிலத்தில் எழுதுவது வாழ்வியல் நடப்பே. மேலும், உறவு வரிசை ஏதும் இல்லாத ஒரு முன்னிலைப் பெயர் கணவனையும் மனைவியையும் நிகராக நிறுத்துகிறது. முறையான மணவாழ்வில் கிட்டாத சமநிலை, பெயரற்ற எழுத்தில் கிட்டுகிறது. மரபுப்படி கணவனைப் பெயர் சொல்லி விளிக்கக் கூடாதவள், அவனுக்கே 'நண்பன்' என்னும் பொருளுடைய ஒரு பெயரைச் சொல்லி எழுதுகிறாள். இவையாவும் பேறுகள்.

இழப்பு எங்கே உள்ளது? இல்லத்து உரையாடலும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்துவிட்டது என்பதில் உள்ளது. வீட்டிற்குள் பிணங்கும்பொழுதும் 'யூ'. திரையில் இணங்கி எழுதும்பொழுதும் 'யூ'. கதை இவ்விரு வெளிகளையும் எதிரெதிராக நிறுத்துகிறது; மொழியோ இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. வேறுபாட்டைக் காட்டும் பொறுப்பு நடிப்பின்மீதும் ஒளியமைப்பின்மீதும் முழுமையாக விழுகிறது. ஷோபனாவின் நடிப்பு அப்பொறுப்பைத் தாங்குகிறது என்பதற்கு விருதே சான்று. ஆயினும் மொழி தன் பங்கைச் செய்யவில்லை.

அபர்ணா சென்னின் '36 சௌரிங்கி லேன்' (1981) இங்கு ஒப்பிடத்தக்கது. அவரும் வங்காளத் திரையின் புகழ்பெற்ற நடிகை; அவர்தம் முதற்படமும் ஆங்கிலத்தது; அவர்க்கும் தேசிய விருது கிடைத்தது. ஆனால் அப்படத்தின் தலைவி வயலெட் ஸ்டோன்ஹம், கொல்கத்தாவில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் ஆங்கிலோ இந்திய ஆசிரியை. ஆங்கிலம் அவளது வீட்டுமொழி. அவளது தனிமைக்கும் அதுவே காரணம். அங்கே மொழி கதையின் பொருளாகவே அமைந்துவிட்டது. சிதம்பரத்து லட்சுமிக்கு ஆங்கிலம் கற்றுக்கொண்ட மொழி. அவள் எதை விட்டு ஆங்கிலத்திற்கு வந்தாள் என்பதைப் படம் செவிக்குப் போதிய அளவு உணர்த்தவில்லை.

மொழியியலார் கையாளும் மாற்றீட்டு முறையை இங்கே பொருத்திப் பார்க்கலாம். இப்படத்திற்குத் தமிழ்த் துணைத்தலைப்பு எழுத ஒருவர் முற்படுவதாகக் கொள்வோம். இல்லத்துக் காட்சிகளில் அவர்க்கு இடர் இல்லை. லட்சுமி கணவனை 'நீங்கள்' என்பாள். அவன் அவளை 'நீ' என்பான். அரட்டைக் காட்சி தொடங்கியதும் அவர் எழுதுகோலை நிறுத்தியாக வேண்டும். முகமறியாத பெண்ணொருத்தியைப் பண்புள்ள தமிழர் எவரும் 'நீ' என்று எழுதார். எனவே 'மித்ர்' லட்சுமியை 'நீங்கள்' என்றே விளிப்பார். அதாவது, பதினேழு ஆண்டுகளாக 'நீ' என்று மட்டுமே கேட்டுவந்த மனைவிக்குத் தன் கணவனிடமிருந்தே முதன்முதல் 'நீங்கள்' கிடைக்கிறது. கணவன் அறிந்து எழுதினாலும் அறியாது எழுதினாலும் இலக்கணத்தின் கட்டளை ஒன்றே.

இவ்வொரு சொல்லில் அக்கதையின் துயரம் முழுவதும் அடங்கிவிடும். அந்நியளாக இருக்கையில் அவளுக்குக் கிடைக்கும் மதிப்பு, மனைவியாக இருக்கையில் கிடைக்கவில்லை என்பதைக் காட்ட வேறு உரையாடலே வேண்டுவதில்லை. ஆங்கிலப் படத்தில் இதற்கு இடமில்லை. 'யூ' என்னும் சொல் அவளுக்கு வீட்டிலும் கிடைத்தது, வெளியிலும் கிடைத்தது; ஆகவே அதன் வருகை ஒரு நிகழ்ச்சி ஆகவில்லை.

துணைத்தலைப்பு எழுதுபவர் மேலும் ஓரிடத்தில் தயங்குவார். உண்மை வெளிப்பட்ட பின் அவ்விருவரும் ஒருவரையொருவர் எவ்வாறு விளிப்பர்? மூன்று வழிகள் உள. கணவன் மீண்டும் 'நீ' என்றும் மனைவி 'நீங்கள்' என்றும் திரும்பலாம். அவ்வாறாயின் அரட்டை அறையின் சமநிலை கனவாகக் கழிந்தது என்று பொருள். இருவரும் 'நீங்கள்' என்றே தொடரலாம். அது மதிப்புடையது, சற்றே தொலைவுடையது. இருவரும் 'நீ' என்னும் வழக்குக்கு வரலாம்; அதற்கு மனைவி முதல் அடி எடுத்து வைத்தாக வேண்டும். கணவனை ஒருமையில் விளிக்கும் மனைவியரை இன்றைய நகரத் தமிழ்க் குடும்பங்களில் பரவலாகவே காணலாம். 2002-இல் திரையில் அது கூர்மையான ஒரு தேர்வாக இருந்திருக்கும்.

தமிழ்ப் படமாயின் இயக்குநர் இம்மூன்றனுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். தேர்ந்த அளவில், கணவன் மனைவி சமத்துவம் பற்றிய தம் கருத்தை அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டவராவார். ஆங்கிலம் அவ்வினாவுக்கு விடை தராமலே படத்தை முடிக்க இடமளித்தது. படத்தின் இனிய முடிவில் ஓர் ஐயம் எஞ்சுவதற்கு இதுவே காரணம் எனக் கருதுகிறேன். இருவரும் சேர்ந்தனர் என்பதை அறிகிறோம். எந்நிலையில் சேர்ந்தனர் என்பதை அறியோம்.

7. பிற்காலப் படைப்புகள்

'ஃபிர் மிலேங்கே' எச்.ஐ.வி. தொற்று உண்டெனத் தெரிந்தமையால் பணியிலிருந்து நீக்கப்படும் பெண்ணின் வழக்கு. 'சலாம் வெங்கி' தசைச்சிதைவு நோயுற்ற இளைஞன் கண்ணியமாக இறக்கும் உரிமை கோருவதையும், அவன் தாயின் போராட்டத்தையும் கூறுவது. ஸ்ரீகாந்த் மூர்த்தியின் ஆங்கிலப் புதினத்தைத் தழுவியது. 'குட் வைஃப்', இல்லத்தரசியாக இருந்து வழக்குரைஞர் தொழிலுக்குத் திரும்பும் மனைவியின் கதை. அதே பெயருடைய அமெரிக்கத் தொடரின் தமிழ் வடிவம். பிரியாமணி தலைமைப் பாத்திரம் ஏற்றது.

மூன்றிலும் நீதிமன்றம் முதன்மை பெறுகிறது. முதற்படத்தில் வீட்டினுள், ஒரு கணினித் திரையின்முன் நடந்த உரிமைப் பேச்சு, பின்னர்ப் பொதுமன்றத்திற்கு வந்துவிட்டது. நீதிமன்ற மொழி உறவுமுறை விளியை விலக்கி வைப்பது. அங்கே கணவனும் மனைவியும் வாதி, பிரதிவாதி என்னும் பெயர்களைப் பெறுவர். உறவு வரிசைக்கு அப்பாற்பட்ட ஒரு மொழிவெளியை இவ்வியக்குநர் தொடர்ந்து நாடிவந்துள்ளார் என்று இதனைக் கொண்டு கூறலாம். அரட்டை அறையும் நீதிமன்றமும் இவ்வகையில் ஓரினத்தவை.

இவற்றின் தரம் ஒருபடித்தாக இல்லை. 'ஃபிர் மிலேங்கே', நோயைப் பற்றிய பொது அச்சம் மிகுந்திருந்த காலத்தில் நிதானமாகப் பேசியது. 'சலாம் வெங்கி' உணர்ச்சிப் பெருக்கில் தன் வாதத்தைச் சில இடங்களில் மூழ்கடித்துவிடுகிறது. ஆயினும், தான் எவ்வாறு மதிக்கப்பட வேண்டும் என்பதைத் தானே சொல்ல விழையும் மனிதர் மூன்றிலும் நடுவில் நிற்கிறார். 'மௌன ராக'த்துத் திவ்யாவின் குரல் இவற்றில் தொடர்கிறது எனல் மிகையாகாது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும்.

நடிகை இயக்குநராதலை வெறும் பதவி உயர்வாகக் கருதாமல், பேசும் உரிமையிலிருந்து பேச்சை அமைக்கும் உரிமைக்குப் பெயர்தலாகக் காணுதல் பொருந்தும். ரேவதியின் தொழில்வாழ்க்கை இதற்குத் தக்க சான்று.

'மித்ர், மை ஃபிரெண்ட்' ஆங்கிலத்தைத் தேர்ந்தது தமிழைப் புறக்கணித்ததாகாது. உறவு வரிசையற்ற ஒரு முன்னிலையை அக்கதை வேண்டி நின்றது. அதனை ஆங்கிலம் அளித்தது.

ஆயினும் தமிழின் இருவகை முன்னிலையைத் தடை என்று மட்டும் கொள்ளுதல் குறைபாடுடைய நோக்காகும். ஏற்றத்தாழ்வை மறைக்க இடந்தராத மொழி, ஏற்றத்தாழ்வு நீங்கும் கணத்தையும் காட்டவல்லது. மனைவியைக் கணவன் முதன்முறை 'நீங்கள்' என்பதும், கணவனை மனைவி முதன்முறை 'நீ' என்பதும் தமிழில் இரு சொற்களால் நிகழக்கூடிய பெருநிகழ்ச்சிகள். அவற்றை எழுதும் வாய்ப்பை இப்படம் ஆங்கிலத்திடம் விட்டுக்கொடுத்துவிட்டது.

திரைப்படத் திறனாய்வில் உரையாடலின் மொழிநடையைப் பற்றி ஓரளவு எழுதப்படுகிறது. பாத்திரங்கள் ஒருவரையொருவர் எவ்வாறு விளிக்கின்றனர், அவ்விளி படத்தின் போக்கில் எங்கே மாறுகிறது, எங்கே மாற மறுக்கிறது என்பன இன்னும் முறையாகத் தொகுக்கப்படவில்லை. தமிழ்ப் பேசும் படங்கள் தோன்றிய 1931 முதல் இன்று வரை கணவன் மனைவியர் விளிமுறையை வரிசைப்படுத்தி ஆராய்ந்தால், தமிழ்க் குடும்பத்தின் மாற்றத்தை வேறெந்தச் சான்றினும் துல்லியமாக அறிய இயலும். நடிகையராயிருந்து இயக்குநரானவர்களின் படங்களிலிருந்து அவ்வாய்வைத் தொடங்குதல் சாலும். பிறர் வகுத்த விளியை நெடுங்காலம் பேசிப் பழகிய அவர்களே, அதனை எங்கே மாற்ற வேண்டும் என்பதையும் நன்கறிவர்.